பொன்னின் தாய் கேட்ட கண்ணாடி

பொன்னுருக்கலுக்குக் கணவனை இழந்தவர்கள் முன்னுக்கு நிற்பதில்லை. மாப்பிள்ளையைப் பெற்றவளாக இருந்தாலும் அப்படித்தான். என் மகனின் பொன்னுருக்கலன்று என் வீட்டு முன்னறையில் என் மகளும் மருமகனும் நின்று எல்லாவற்றையும் நடத்தினார்கள். நான் குசினி வாசலில் நின்றேன். அங்கே போய் நில் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல விட்டிருக்கவும் மாட்டேன். நானாகவே போய் நின்றேன்.

எனக்குப் பக்கத்தில் பெண்ணின் தாய் நின்றார். அவரும் கணவனை இழந்தவர். பிரேசில் நாட்டுக்காரர். என் மகன் லண்டன் மண்ணுக்கு அடியில் கழிவுநீர் போகச் சுரங்கம் தோண்டும் வேலை செய்கிறவன். அந்த வேலைத்தளத்துச் சாப்பாட்டுக் கடையில் நின்ற பிரேசில் பிள்ளையை அவன் விரும்பினான். நான் முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளை வந்து, என் குசினியில் நின்று, "மாமி, நான் வெங்காயம் வெட்டவா?" என்று உடைந்த தமிழில் கேட்டது. வெட்டிய வெங்காயம் ஒரே அளவாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

தாலிக்கு வேண்டிய பொன்னை நல்ல நாள் பார்த்து மாப்பிள்ளை வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் உருக்குவது எங்கள் வழக்கம். அதன் பிறகு தாலி கட்டும் வரைக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது. வீட்டை விட்டு இறங்காமல் இருந்தால் இன்னும் நல்லது. வெம்பிளியில் நகை செய்கிற பத்தரை அழைத்திருந்தோம். அவர் கம்பளத்தின் மேல் தகரம் விரித்து, மண் சட்டியில் கரி போட்டு, கையடக்கமான காஸ் விளக்கையும் எடுத்து வைத்தார். புகை மணி கத்தாமல் இருக்க, குளிக்கும்போது தலைக்குப் போடுகிற பொலித்தீன் தொப்பியை என் மருமகன் அதற்கு மாட்டிவிட்டான். கும்பம், விளக்கு, மஞ்சளில் பிடித்த பிள்ளையார், எல்லாம் குறைவில்லாமல் வைத்திருந்தேன். என் வீட்டில் ஒரு காரியம் என்றால் குறை சொல்ல ஆள் இருக்காது.

தங்கக் காசு சிவந்து, இளகி, கரியின் மேல் ஒரு சிறு உருண்டையாகத் திரண்டது. உயிருள்ளது போல அங்குமிங்கும் அசைந்தது. அப்போது பத்தரின் கையிலிருந்த நெருப்பு திடீரென்று ஊதிப் பெருத்தது. மஞ்சளாக ஒரு பந்து கிளம்பி, ஆள் நெஞ்சளவு எழும்பி, வந்த மாதிரியே அணைந்தும் போனது.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. காஸ் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் பத்தர். எல்லோரும் சிரித்தார்கள்.

பெண்ணின் தாய் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நகம் தோலுக்குள் இறங்கியது. "மாய் தோ ஓரு" என்றார். திரும்பவும் அதையே சொன்னார். உதடு வெளுத்துவிட்டது.

என் மகன் எழும்பி வந்தான். அவர்களுடைய பாஷை அவனுக்கு நன்றாக வரும்.

"என்ன சொல்லுறா?" என்று அவனைக் கேட்டேன்.

"விடுங்கோணை. அவையின்ரை ஊர்க்கதை."

"ஊர்க்கதைக்கு ஆரும் இப்பிடி நடுங்குவினமே? சொல்லு."

அவன் கேட்டுக் கேட்டுச் சொன்னான். அவர்களுடைய ஊர் மலைக்குள் இருக்கும் பொன் எல்லாம் ஒருத்திக்குச் சொந்தமாம். 'மாய் தோ ஓரு' என்றால் பொன்னின் தாயாம். பொழுது படும் நேரம் நெருப்புப் பந்தாக ஒரு மலையிலிருந்து மற்ற மலைக்குப் பறப்பாளாம். பந்து எங்கே இறங்குகிறதோ அங்கே பொன் இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்கு வெள்ளை உடுப்பும் எரிகிற கூந்தலுமாகத் தெரிவாளாம். பெண்டாட்டிக்கு அடிக்கிறவனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்க் குகைக்குள் வைத்துக்கொள்வாளாம். கேட்காமல் அவளுடைய பொன்னை எடுக்கிறவன் மேல் மண்ணை மூடிவிடுவாளாம்.

"இவவின்ரை மனுசன் பின்நேரம் வளவுக்கை நிண்டு அந்தப் பந்தைக் கண்டவராம். அடுத்த நாள் விடியக் காலமை அந்த இடத்தைத் தோண்டப் போனவராம். குழி இடிஞ்சு விழுந்திட்டுது. ஆளை எடுக்க ஏலாமல் போச்சாம், அம்மா. அங்கையேதான் இருக்கிறாராம்."

என் மருமகன் எந்த இடத்திலும் பகிடி விடுகிறவன். "மச்சான், இது மலையிலை இருந்து வரேல்லை, வெம்பிளிக் கடையிலை இருந்து வந்தது எண்டு மாமிக்குச் சொல்லுமன்" என்றான்.

என் மகன் அதையும் மொழிபெயர்த்தான். அந்த அம்மா மருமகனைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"கடைக்கு எங்கையிருந்து வந்தது எண்டு கேக்கிறா."

சிரித்துக்கொண்டிருந்த பத்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு உருண்டையைத் தட்டத்தில் எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த அம்மாவின் கண் வாசலடிக்குப் போனது. அங்கே என் மகனின் வேலைச் சப்பாத்து கிடந்தது. மஞ்சள் களிமண் காய்ந்து ஒட்டியிருந்தது. அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கையால் கீழே, நிலத்துக்கு அடியில் என்று காட்டினார். பிறகு வேகமாகக் கதைத்தார். கதைக்கக் கதைக்க என் மகனின் முகம் மாறியது.

"கேளாமல் உருக்கின பொன்னை என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை கட்ட விடமாட்டன் எண்டு சொல்லுறா. தான் இழந்த மாதிரிப் பிள்ளையும் இழக்கக் கூடாதாம். முதல் கேட்டு உத்தரவு வாங்கட்டாம். பொன்னின் தாய்க்குச் சிங்காரம் விருப்பமாம். கண்ணாடி, சீப்பு, ரிப்பன், இதுகளை ஓடுற தண்ணியிலை குடுக்க வேணுமாம்."

என் வீட்டில், என் சொந்தக்காரர்களுக்கு முன்னால்! எனக்கு முகம் எரிந்தது. "என்ரை வீட்டிலை ஒருத்தரும் பேய்க்குப் படைக்கிறேல்லை எண்டு சொல்லு" என்றேன். அவன் அதைச் சொன்னானா, இல்லையா, எனக்குத் தெரியாது. அந்த அம்மா நான் கொடுத்த பயற்றம் பணியாரத்தைத் தொடாமல் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கோபம் இருக்கும் வரைக்கும் எனக்குப் பயம் தெரியவில்லை. எல்லோரும் போய், தகரத்தை மடித்து வைத்து, கரியை மஞ்சள் தண்ணீரால் ஆற்றியபோதுதான் வந்தது. ஊரில் போர்க்காலத்துச் செல்லடி நேரம் பங்கருக்குள் கிடந்தவள் நான். மேலேயிருந்து மண் பொலபொலவென்று தலையில் கொட்டுகிற சத்தம் எனக்குத் தெரியும். என் பிள்ளை அப்படி ஒரு இடத்துக்குத்தான் தினமும் இறங்குகிறான் என்பதை இவ்வளவு காலமும் நான் நினையாமல் இருந்திருக்கிறேன். சம்பளம் நல்லது, கவுன்சில் வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு வந்தோம், அவ்வளவுதான் நினைத்திருக்கிறேன்.

"பொன்னுருக்கினாப் பிறகு வெளியிலை போறேல்லையடா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"லீவு முழுக்கக் கலியாணத்துக்கு எடுத்துப்போட்டன், அம்மா. இந்தக் கிழமை போய்த்தான் ஆகவேணும்."

போனான், வந்தான். அந்தக் கிழமை ஒவ்வொரு பின்நேரமும் அவன் திறப்பு கதவில் திரும்பும் சத்தம் கேட்கும் வரை நான் கதிரையில் இருக்கவில்லை.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனால் கண்டதைக் கூட்டியும் குறைத்தும் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

குளிர்காலம். தேநீர் நேரத்துக்கே இருட்டுக் கட்டத் தொடங்கிவிடும். நான் குசினிப் பேசினில் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். என் குசினி யன்னலால் பார்த்தால் பின்வளவும் அடுத்த வீட்டு அப்பிள் மரமும் அதற்கு அப்பால் ரயில் பாதையும் தெரியும். வெம்பிளி விளையாட்டு அரங்குப் பக்கமிருந்து கூரைகளுக்கு மேலே மஞ்சளாக ஒன்று வந்தது. சோற்றுப் பானை அளவு இருக்கும். சத்தம் இல்லை. அவசரமும் இல்லை. இலை கொட்டின அப்பிள் மரத்துக்கு மேல் வந்து நின்றது. நின்று பார்த்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு ரயில் பாதைக்கு அப்பால், நிலத்தை நோக்கி, மெதுவாக இறங்கிப் போனது.

அரிசி முழுவதும் பேசினுக்குள் கொட்டிவிட்டது. குழாயைப் பூட்டக் கை வரவில்லை.

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அது ட்ரோனாயிருக்கும், அம்மா."

"எனக்கு ட்ரோன் தெரியாதே? அது பச்சையும் சிவப்புமா மினுக்கும்."

"அப்ப ஆரும் வெளிச்சக்கூடு பறக்க விட்டிருப்பினம். நீங்கள் பிரஷர் குளிசை போட்டனீங்களே?"

"குளிசை போட்டனான். கண்ணும் எனக்கு நல்லாத் தெரியும்" என்று போனை வைத்தேன்.

அன்று மகன் ஒரு குறையும் இல்லாமல் வந்தான். சாப்பிட்டான். கண்டதைச் சொன்னேன், சிரித்தான். ஆனால் அந்த அம்மாவின் கணவர் பந்தைக் கண்ட அன்று இறக்கவில்லையே. அடுத்த நாள்தானே. எனக்குக் கண் மூடவில்லை.

விடிய அவன் வெளிக்கிட்டபோது வாசலில் போய் நின்றேன். நான் பிள்ளைகளிடம் கெஞ்சி வளர்த்தவள் இல்லை. அன்றைக்கு அவன் கையைப் பிடித்தேன்.

"இண்டைக்கு மட்டும் போகாதை, ராசா. உடம்புக்கு வருத்தம் எண்டு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்லுறியள்? நீங்களே?"

"ஓம். நான்தான் சொல்லுறன்."

அவன் என் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "அம்மா, என்னை நம்பிக் கீழை மற்ற ஆக்கள் இருக்கினம். விடுங்கோணை, பஸ் போகப்போகுது" என்று இறங்கிப் போய்விட்டான்.

கதவைச் சாத்தினேன். நேரே போய்ப் பெண்ணின் தாய்க்குப் போன் எடுத்தேன். என்ன பாஷையில் கதைப்பது? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பஸ்ஸுக்கும் கடைக்கும் தான் போதும். "ஃபயர்" என்றேன். "யெல்லோ. ஐ சீ." "ஐ கம்" என்றார் அவர்.

அவர் வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ரிப்பன், ஒரு சீப்பு. எப்போதோ வாங்கி வைத்துவிட்டு என் போனுக்காகக் காத்திருந்திருக்கிறார் என்று விளங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிடிப்பதும் பிடிக்காததும் பார்க்கிற நேரமில்லை. அவர் தன் போனில் மகளை எடுத்துச் சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்.

"மாமி" என்றது பிள்ளை. "கண்ணாடி வேணும். உங்கட வீட்டுக் கண்ணாடி. பொன் செய்த வீட்டுக் கண்ணாடி. அம்மா சொல்லுறா."

"அவன் போன் எடுத்தவனோ, பிள்ளை?"

"இல்லை, மாமி. கீழ போனா லைன் இல்லை. நான் எடுக்கிறன், எடுக்கிறன், இல்லை." குரல் உடைந்தது. "பயம் வேண்டாம், மாமி." அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை.

என் வீட்டில் சுவரில் மாட்டிய கண்ணாடியும் குளியலறை அலுமாரிக் கண்ணாடியும் தான் இருந்தன. கையில் எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று. கூறைத் தட்டத்தில் இருந்தது. கலியாணத்தன்று பெண்ணுக்குக் கொடுக்கும் கூறைச் சேலையோடு வைக்கிற கண்ணாடி. சீப்பு, குங்குமச் சிமிழ், வாசனைச் சவர்க்காரம் எல்லாவற்றையும் ஈலிங் ரோட்டில் தேடித் தேடி வாங்கி, மகள் கண்ணாடித் தாளால் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்திருந்தாள். நான் அதைத் தொடுவதில்லை. என்னைப் போன்றவள் கை படக் கூடாத தட்டம் அது.

தட்டத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். கை போகவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார். தன் மோதிரமில்லாத விரலைக் காட்டினார். என் வெறுங்கழுத்தைக் காட்டினார். பிறகு கையை மேலே தூக்கி, விரல்களை நெருப்புப் போல ஆட்டி, இல்லை என்று தலையசைத்தார். பொன்னின் தாய்க்கும் புருஷன் இல்லை. அதுதான் சொன்னார். எந்த மொழிபெயர்ப்பும் இல்லாமல் விளங்கியது.

தாளைக் கிழித்துக் கண்ணாடியை எடுத்தேன்.

எங்கள் கிங்ஸ்பரி வீட்டிலிருந்து பார்க்குக்குள்ளால் இறங்கினால் பிரென்ட் ஆறு வரும். ஆறு என்றுதான் சொல்கிறார்கள், எங்கள் ஊர் வாய்க்கால் அளவுதான். நாய் கொண்டுவந்த ஒரு வெள்ளைக்காரர் எங்களைக் கடந்து போனார். கரை சேறு. வழுக்கினால் எலும்பு போய்விடும். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மரங்களில் ஒரு இலை இல்லை. வானம் சாம்பல்.

அவர் ரிப்பன்களைச் சீப்பில் சுற்றித் தண்ணீரில் விட்டார். தண்ணீரைப் பார்த்துக் கதைத்தார். கும்பிடுகிற மாதிரி இல்லை. பழைய கோபம் உள்ள ஒருத்தியோடு வேலிக்கு இப்பால் நின்று கதைக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் அழுதார்.

என் முறை வந்தது. அவளுக்கு எந்தத் தேவாரம் பாடுவது? "தாயே" என்றேன். "கேளாமல் எடுத்துப்போட்டம். எங்களுக்குத் தெரியாது. பொன் உன்ரைதான், அந்தப் பிள்ளையின்ரை கழுத்திலை கொஞ்சக் காலம் இருக்கட்டும். என்ரை பிள்ளையை மேலை விடு."

கண்ணாடியை விட்டேன். தண்ணீர் ஆழமில்லை. அது அடியில் மல்லாந்து கிடந்தது. எங்கள் இரண்டு முகமும் அதற்குள் ஆடியது. நான் நிமிரப் போகும்போது கண்ணாடிக்குள் மஞ்சளாக ஒன்று பளீரென்று எழும்பியது. மேலே பார்த்தேன். வெயில் இல்லை. சாம்பல் வானம்தான்.

அந்த அம்மாவும் கண்டுவிட்டார். என் கையை இழுத்தார். திரும்பிப் பார்க்காதே என்று கன்னத்தைத் தள்ளினார். முழங்கால் வருத்தக்காரிகள் இரண்டு பேர் பார்க்குக்குள் ஓடினோம். சிரிப்புக்குரிய காட்சிதான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் முன்னறையில் கிழிந்த தாளோடு நிற்கிறாள்.

"கூறைத் தட்டத்திலை ஆர் கை வைச்சது?"

"நான்."

"அம்மா! நீங்களே? உங்களுக்குத் தெரியாத முறையே? கண்ணாடி எங்கை?"

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"கேட்டவவுக்கு."

அவள் எங்கள் சப்பாத்துச் சேற்றைப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் நல்ல விசர்" என்றாள். பிறகு தேநீர் போட்டாள்.

பின்நேரமானது. யன்னல் கறுத்தது. அவன் வருகிற நேரம் வந்தது, போனது. முதலில் பேசிக்கொண்டிருந்த மகள் பேச்சை நிறுத்தினாள். போனை எடுத்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள். "ரிங் போகேல்லை" என்றாள், எங்களைப் பாராமல். நான் யாரும் கேளாமலே சோறு போட்டேன். அந்த அம்மா கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினார். தெருவில் ஒவ்வொரு கார் நின்றபோதும் மூன்று பேரும் அசையாமல் கேட்டோம். அது எங்கள் வாசலுக்கு இல்லை என்றதும் தண்ணீர்ச் சத்தம் மறுபடியும் கேட்கும். என் தலைக்குள் மண் கொட்டிக்கொண்டே இருந்தது. பொலபொலவென்று, ஒரே சத்தம்.

திறப்பு திரும்பியது.

அவன்தான். தினமும் வேலைத்தளத்திலேயே குளித்துச் சுத்தமாக வருகிறவன். அன்றைக்கு முடி, புருவம், காது எல்லாம் மஞ்சள் களிமண். உடுப்பு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "கீழை தண்ணி வந்திட்டுது. வேலையை நிப்பாட்டினவை. எல்லாரும் மேலை வந்திட்டம், ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றான். நான் அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. குளிர்ந்து கிடந்தது.

அவன் என்னைத் தாண்டிப் பேசினடிக்குப் போய், அந்த அம்மாவின் முன்னால் நின்றான். அவர்களுடைய பாஷையில் ஏதோ சொன்னான். நீளமாக இல்லை. குரலும் தாழ்வாகத்தான் இருந்தது. அந்த அம்மாவின் கையிலிருந்த கோப்பை நழுவி விழுந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவனுடைய களிமண் தலையைப் பிடித்துத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார்.

"என்னடா சொன்னனி?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லையணை" என்றான். "ஊர்க்கதை."

அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் அந்த அம்மா வந்து, நான் வைத்த பலகாரத்தை எடுத்துச் சாப்பிட்டார். புதுக் கண்ணாடி வாங்க மகளோடு ஈலிங் ரோட்டுக்கும் போனார். கலியாணம் குரோய்டன் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. தாலி ஏறும்போது நாங்கள் இரண்டு பேரும் பின்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். மேளச் சத்தம் உயர்ந்த நேரம் அவர் திரும்பவும் என் மணிக்கட்டைப் பிடித்தார். இந்த முறை நானும் பிடித்தேன்.

கலியாண லீவு முடிந்ததும் மகன் நிலத்துக்கு மேலே ஒரு வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். சம்பளம் குறைவு. ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது மருமகளுக்குத் தமிழ் நன்றாக வரும். என்னோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு வரும். அன்றைக்கு அவன் அவளுடைய தாய்க்கு என்ன சொன்னான் என்று அவளிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். நான் யாருக்கும் பயந்தவள் இல்லை என்று என் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதை மட்டும் கேட்க எனக்குப் பயம்.

சில பின்நேரங்களில் அவள் பேசினில் குனிந்து நிற்கும்போது சாய்ந்த வெயில் தாலியில் படும். சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் விழும். அவள் அசைய அதுவும் அசைந்து, அலுமாரிக்கு மேல் ஏறி, கூரைக்குப் போய் நிற்கும். அவளுக்கு அது தெரியாது. நான் எழும்பிப் போய் லைட்டைப் போட்டுவிடுவேன்.